திருவதிகையும் மனச்சிதைவு நோயாளியின் துணையும்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து வருவதற்கு நெடுங்காலம் முன்பே நோயாளிக்கு இருந்த துணை குடும்பம்தான். நோயாளி யாரிடம் போய்ச் சேருகிறார் என்பதற்குத் திருவதிகையில் ஒரு பழைய சான்று உண்டு. இன்றைய கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் சமணத் துறவியாக வாழ்ந்த மருள்நீக்கியாரைச் சூலை நோய் பற்றியது. சமணர்களின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. இரவோடிரவாக அவர் திருவதிகைக்கு வந்து, வீரட்டானம் சிவன் கோயிலில் தொண்டு செய்த தமக்கை திலகவதியாரிடம் அடைக்கலம் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். அது வயிற்று நோய், மனநோய் அன்று. ஆனால் வைத்தியம் கைவிட்டவரை உடன்பிறந்தவள் ஏற்றுக்கொள்வது இவ்வட்டாரம் நன்கு அறிந்த கதை.

ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த முறை இதற்கு நேர்மாறானது. சென்னையில் 1794இல் மனநோயாளர் விடுதி தொடங்கியது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. திருவதிகையை அடுத்த பண்ருட்டியிலிருந்து அங்கே போனவர் வீட்டைவிட்டு நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் விலகினார். 1912ஆம் ஆண்டு மனநோயாளர் சட்டமும் சிகிச்சையைவிடக் காவலையே பெரிதாகக் கருதியது. கீழ்ப்பாக்கம் என்ற ஊரின் பெயரே வசைச்சொல்லாகிப்போனது. அந்த வசைக்கு அஞ்சியே பலர் நோயை மறைத்தார்கள்.

1952இல் பிரான்சில் குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தினரையும் நோயாளியுடன் தங்கவைத்தது. 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரான சாரதா மேனன், 1984இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரைச் சென்னை ஆய்வாளர்கள் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது, பெரும்பாலோர் நன்கு தேறியிருந்தனர். இது தீராத நோய் என்று கைகழுவியவர்களுக்கு அந்த ஆய்வே பதில்.

இருந்தும் மருத்துவம் எட்டாத குடும்பங்கள் குணசீலம் பெருமாள் கோயிலையும் ஏர்வாடி தர்காவையும் நாடின. அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல முடியாது. வேறு கதவு அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. குற்றம், நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்ததுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது. சிகிச்சை பற்றிய தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் நோயாளிக்கு அது உரிமை தந்தது.

இன்று திருவதிகைக் குடும்பம் சென்னைவரை போக வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இயங்குகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் பக்கம்தான். மாவட்ட மனநலத் திட்டம் அரசு மருத்துவமனைகள் வழியே மருந்தும் ஆலோசனையும் தருகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். நோயாளி மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்ளும் தாயும் தமக்கையும்கூட.