யாருடைய கோல்? ஐஸ் ஹாக்கியில் பருவ முன்கணிப்பு எழுத்தின் வரலாறு

செப்டம்பரில் என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கின் பயிற்சி முகாம்கள் திறந்ததும், கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பல்லாயிரம் பேர் தங்கள் சொந்த அணிகளைக் கட்டத் தொடங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் கூடி, லீக்கில் ஆடும் வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். அந்த வீரர் களத்தில் அடிக்கும் கோலும் கொடுக்கும் அசிஸ்ட்டும் எடுத்தவர் கணக்கில் புள்ளியாக ஏறும். ஐ.பி.எல். காலத்தில் கைப்பேசியில் பதினொரு பேரைத் தேர்ந்து பழகிய தமிழ் வாசகர்களுக்கு இதன் அடிப்படை உடனே விளங்கும். கனடாவில் இதற்கு ‘ஹாக்கி பூல்’ என்று பெயர். கியூபெக்கின் பிரெஞ்சு மொழியினரும் ‘பூல்’ என்றே சொல்கிறார்கள். இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வேரூன்றிய வழக்கம் இது.

தேர்வு நாளுக்கு முன் படிப்பதற்கென்றே ஓர் எழுத்துவகை வளர்ந்திருக்கிறது. 32 அணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, யார் யாருடன் ஆடுவார், எத்தனை புள்ளி சேர்ப்பார், எந்தச் சுற்றில் அவரை எடுக்கலாம், எவரை நம்பி ஏமாறக்கூடாது என்று சொல்லும் முன்னோட்டங்கள் அவை. விளையாட்டு வரலாற்றாய்வில் இவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும் என்பதே என் வாதம். ஒரு வீரர் பேரில் எழுதப்பட்ட எண்ணிக்கையில் அவருடைய பங்கு எவ்வளவு, உடன் ஆடியவர்களின் பங்கு எவ்வளவு? ஹாக்கியின் மிகக் கடினமான இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் விடாமல் கேட்டு, தவறி, திருத்திக்கொண்டு வந்தது இந்த எளிய எழுத்துதான்.

கணக்கு பிறந்த விதம்

என்.எச்.எல். 1917 நவம்பரில் மான்ட்ரியாலில் நிறுவப்பட்டபோது கோல்களை மட்டுமே முறையாக எண்ணினார்கள். கோலுக்கு வழிவகுத்த பாஸையும், அதாவது அசிஸ்ட்டையும், எண்ண வேண்டும் என்ற எண்ணத்துக்கு முன்னோடிகள் லெஸ்டர், ஃபிராங்க் பேட்ரிக் சகோதரர்கள். மேற்குக் கரையில் 1911இல் அவர்கள் தொடங்கிய லீக் பல புதுமைகளுக்குப் பிறப்பிடம். இன்று ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட்டுகள் வரை பதிவாகின்றன. கோலையும் அசிஸ்ட்டையும் கூட்டிப் ‘புள்ளி’ என்றார்கள். பூல் முழுவதும் இந்தக் கூட்டல் மேல்தான் நிற்கிறது.

எண்கள் நிலையானவை அல்ல என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1928–29 பருவத்தில் டொராண்டோவின் ஏஸ் பெய்லி 32 புள்ளிகளுடன் லீக்கில் முதலிடம் பெற்றார். அதே பருவத்தில் மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த பருவத்தில் ‘பக்’ எனப்படும் ஆட்ட வட்டை முன்னோக்கித் தள்ளிக் கொடுப்பதற்கு எல்லாப் பகுதிகளிலும் அனுமதி வந்தது. பாஸ்டனின் கூனி வெய்லண்ட் 44 ஆட்டங்களில் 73 புள்ளிகள் குவித்தார். வீரர்களின் திறமை ஒரே கோடையில் இரண்டு மடங்காகிவிடவில்லை, மாறியது விதி. சென்ற ஆண்டுப் பட்டியலை அப்படியே நம்பித் தேர்வு செய்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. இதே பாடத்தை 2005இல் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டியிருந்தது.

கூட்டாளி பற்றிய கேள்வியும் பழையதே. 1944–45 பருவத்தில் மோரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்தது ஹாக்கி உலகம் முழுவதும் அறிந்த சாதனை. அந்தப் பருவத்தில் புள்ளிப் பட்டியலில் முதலில் நின்றவர் ரிச்சர்ட் அல்லர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருடைய வரிசையிலேயே நடுவில் ஆடிய எல்மர் லாக் 54 அசிஸ்ட்டுகளுடன் மொத்தம் 80 புள்ளிகள் சேர்த்து முதலிடம் பிடித்தார். அந்த 50 கோல்கள் யாருடையவை? ரிச்சர்டின் பேரில் ஏறின. லாக் பக்கத்தில் இல்லாமல் அத்தனையும் வந்திருக்குமா என்று கேட்பது ரிச்சர்டின் பெருமையைக் குறைப்பதாகாது.

பூல் வளர்ந்த காலம்

கற்பனை அணி ஆட்டங்களின் பொது வரலாற்றில் இரண்டு அமெரிக்கக் கிளைகளை வழக்கமாகச் சொல்வார்கள். ஓக்லண்டைச் சேர்ந்த பில் விங்கன்பாக் 1962இல் அமெரிக்கக் கால்பந்துக்காக ஒரு விதிமுறையை வகுத்து, அடுத்த ஆண்டு நண்பர்களுடன் ஆடத் தொடங்கினார். டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் 1980இல் நியூயார்க்கில் பேஸ்பால் வீரர்களை 260 டாலர் வரம்புக்குள் ஏலம் எடுக்கும் ஆட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அது ‘ரொட்டிசரி’ ஆயிற்று. ஹாக்கியும் இரண்டிடமிருந்தும் கடன் வாங்கியிருக்கிறது. ஆனால் ஹாக்கி பூலை இவற்றின் குழந்தை என்று எழுதுவது சரியன்று. அதன் விதி மிக எளிது: கோலுக்கு ஒன்று, அசிஸ்ட்டுக்கு ஒன்று. செய்தித்தாளில் வரும் ஆட்ட விவரத்தைப் பார்த்து யாரும் கையால் கூட்டிவிடலாம். அந்த எளிமைதான் அதைக் கனடா முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த எளிமைக்கு வந்த பெரிய சோதனை வெய்ன் கிரெட்ஸ்கி. 1981–82இல் அவர் 92 கோல், 212 புள்ளி. 1985–86இல் 215 புள்ளி. அதில் 163 அசிஸ்ட்டுகள். இரண்டாம் இடத்தில் வந்த மாரியோ லெமியூ எடுத்த மொத்தப் புள்ளிகளே 141தான். 1982–83, 1986–87 பருவங்களிலும் இதே கதை: கிரெட்ஸ்கியின் கோல்களை முழுவதும் தள்ளிவிட்டாலும், அசிஸ்ட்டுகளை மட்டும் வைத்தே அவர் லீக்கில் முதலிடம் பெற்றிருப்பார். எட்மண்டனின் இந்த ஒரு மனிதர் கையில் கிடைத்தவுடன் பூல் முடிந்துபோனது. எனவே பல பூல்களில் அவரை இரண்டாகப் பிரித்தார்கள். ‘கிரெட்ஸ்கி கோல்’ என்று ஒருவர், ‘கிரெட்ஸ்கி அசிஸ்ட்’ என்று இன்னொருவர். ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இதை வேடிக்கைக் கதையாகவே சொல்லிவருகிறார்கள். எனக்கு இது ஓர் அறிவுச் செயலாகத் தெரிகிறது. புள்ளி என்ற ஒற்றைக் கூட்டலுக்குள் வெவ்வேறு இரண்டு திறமைகள் இருக்கின்றன, அவற்றைத் தனித்தனியே மதிக்கலாம் என்ற முடிவுக்குச் சாதாரண ரசிகர்கள் தங்கள் ஆட்டத்தின் நியாயத்துக்காகவே வந்து சேர்ந்தார்கள்.

இன்னொரு முடிவுக்கும் அதே பத்தாண்டில் வந்தார்கள். 1984–85இல் பிட்ஸ்பர்க் அணியில் லெமியூ அறிமுகமானபோது அவருடன் ஆடிய வாரன் யங் 40 கோல்கள் அடித்தார். அடுத்த பருவம் டெட்ராய்ட் அவரை ஒப்பந்தம் செய்தது, லெமியூ அங்கு இல்லை, கோல்கள் 22. 1988–89இல் லெமியூ 199 புள்ளிகள் எடுத்த பருவத்தில் அவருடன் ஆடிய ராப் பிரவுனுக்கு 49 கோல்கள். முதுகு வலியால் லெமியூ 59 ஆட்டங்கள் மட்டுமே ஆடிய அடுத்த பருவத்தில் பிரவுனின் கணக்கு 33ஆகக் குறைந்தது. பட்டியலிலிருந்து பெயரைப் பிய்த்து எடுக்கலாம், அந்தப் பெயருக்கு எண் கொடுத்த சூழலைப் பிய்த்து எடுக்க முடியாது.

அணிவாரி முன்னோட்டம் என்ற வடிவம் நிலைபெற்றது இதனால்தான் என்று கருதுகிறேன். பூல் அணிகளை உடைத்துத் தனிமனிதர்களாக்கியது. அறிவுரை எழுதியவர்கள் அந்தத் தனிமனிதர்களை மீண்டும் அணிக்குள் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. முதல் வரிசையில் நடுவில் யார்? பவர் பிளேயில், அதாவது எதிரணி ஓர் ஆள் குறைவாக நிற்கும் இரண்டு நிமிடங்களில், முதல் ஐவரில் யார் யார்? அந்த ஐவரில் தற்காப்பு வீரர் ஒருவர்தான் என்றால் அந்த இடம் யாருக்கு? தற்காப்பு வீரரும் புள்ளி குவிக்கலாம் என்பதை பாஸ்டனின் பாபி ஆர் 1969–70இல் 120 புள்ளிகளுடன் லீக்கில் முதலிடம் பெற்று நிறுவியிருந்தார். அதன்பின் தற்காப்பு வீரர்களைத் தனிப் பிரிவாக வரிசைப்படுத்தாத வழிகாட்டி இல்லை. 1947இல் மான்ட்ரியாலில் தொடங்கப்பட்ட ‘தி ஹாக்கி நியூஸ்’ போன்ற இதழ்கள் பின்னாளில் பூலுக்கென்றே ஆண்டு வழிகாட்டிகளை வெளியிட்டன. அவற்றின் பக்கங்கள் பெரும்பாலும் அணிவாரியாகவே அமைந்தன.

2005க்குப் பின்

சம்பள உச்சவரம்பு பற்றிய தகராறில் 2004–05 பருவம் முழுவதும் ரத்தாயிற்று. லீக் திரும்பி வந்தபோது விதிகள் மாறியிருந்தன: இரண்டு கோடுகளைத் தாண்டும் பாஸ் அனுமதிக்கப்பட்டது, தடுத்து இழுக்கும் ஆட்டத்துக்குத் தண்டனை கடுமையாயிற்று, பவர் பிளே வாய்ப்புகள் பெருகின. 2003–04இல் 94 புள்ளிகளுடன் மார்ட்டின் செயின்ட் லூயி முதலிடம் பெற்றிருந்தார். 2005–06இல் முதலிடத்துக்கு 125 வேண்டியிருந்தது. அதைப் பெற்ற ஜோ தார்ன்டன் பருவத்தின் நடுவில் பாஸ்டனிலிருந்து சான் ஹோசேவுக்கு மாற்றப்பட்டவர். அங்கே அவருடன் ஆடிய ஜொனாதன் சீச்சு 56 கோல்களுடன் லீக்கின் தலைசிறந்த கோலடிப்பாளர் ஆனார்.

சீச்சுவின் கதை இந்த ஆய்வுக்கு முக்கியம், ஏனென்றால் அது கூட்டாளி பற்றிய பழைய விதிக்குள் அடங்கவில்லை. தார்ன்டன் அதே அணியில் தொடர்ந்தார், சீச்சுவும் தொடர்ந்தார். ஆனாலும் அடுத்தடுத்த பருவங்களில் அவர் கோல்கள் 37, 23, 12 என்று சரிந்தன. காயங்கள் ஒரு காரணம். உச்சத்தில் இருந்த ஒரு பருவத்தை இயல்பான அளவாக எடுத்துக்கொண்டது இன்னொரு காரணம். கூட்டாளி, உடல்நலம் இவற்றோடு அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை முன்னோட்டம் எழுதுவோர் இத்தகைய பெயர்களிடமிருந்து கற்றார்கள்.

அதற்கான கருவிகளும் அப்போது கைக்கு வந்தன. 1997–98 முதலே களத்தில் நின்ற நேரம், மோதல்கள், தடுத்த ஷாட்டுகள் ஆகியவற்றை லீக் பதிவுசெய்துவந்தது. எட்மண்டனைச் சுற்றியிருந்த எண் ஆர்வலர்களில் ஒருவரான டிம் பார்ன்ஸ், கோலை நோக்கி அடிக்கப்பட்ட எல்லா ஷாட்டுகளையும், தவறியவற்றையும் தடுக்கப்பட்டவற்றையும் சேர்த்து எண்ணும் அளவைக்கு, பஃபலோவின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்சியின் பெயரைச் சூட்டினார். கோல் அரிதாக விழுவது. அதில் தற்செயல் அதிகம். ஷாட் அடிக்கடி நிகழ்வது. அதில் ஆட்டத்தின் போக்கு தெரியும். 2014 கோடையில் டொராண்டோ, எட்மண்டன் முதலிய அணிகள் இந்த ஆர்வலர்களையும் அவர்கள் வழியில் சிந்தித்தவர்களையும் வேலைக்கு அமர்த்தின. பொழுதுபோக்காக எண்ணியவர்கள் அணி நிர்வாகங்களுக்குள் நுழைந்த அந்தக் கோடையை ஹாக்கி எழுத்தின் பெருமைக்குரிய தருணமாகவே நினைக்கிறேன்.

டேரில் டாப்ஸ் போன்றவர்கள் ஹாக்கி பூல் அறிவுரையை முழுநேரத் தொழிலாக்கியதும் இந்தக் காலத்தில்தான். 1990களின் இறுதியில் யாஹூ முதலிய நிறுவனங்கள் கூட்டல் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டதால், கையால் கூட்ட முடியாத அளவு பிரிவுகள் ஆட்டத்தில் சேர்ந்தன. மோதலும் தடுப்பும் புள்ளியாகும் லீக்குகளில் ஒட்டாவாவின் பிரேடி ட்கச்சக் மேல்வரிசையில் போகிறார். கோல், அசிஸ்ட் மட்டும் எண்ணும் பூலில் அதே மனிதர் பல சுற்றுகள் தள்ளியே அழைக்கப்படுவார். வாரத்துக்கு வாரம் மோதும் வடிவத்தில் அட்டவணைக்கும் மதிப்பு வந்தது. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் ஆட்டங்கள் குவிவதால், மற்ற நாள்களில் அதிகம் ஆடும் அணியின் நடுத்தர வீரருக்கும் ஒரு விலை உண்டு.

புதிய கருவிகளின் வலிமையை வில்லியம் கார்ல்சன் காட்டுகிறார். 2016–17இல் கொலம்பஸில் 6 கோல்கள் மட்டுமே அடித்த அவர், புதிதாகச் சேர்ந்த வேகாஸ் அணியில் மறுபருவம் 43 அடித்தார். முதல் பருவத்திலேயே இறுதிப் போட்டி வரை சென்ற அந்த அணியை முன்னோட்டங்கள் அடிமட்டத்தில் வைத்திருந்தன. அங்கே அவை முற்றிலும் தோற்றன. ஆனால் 2018 செப்டம்பரில் அவை சொன்னது சரியாயிருந்தது. கார்ல்சன் எய்த ஷாட்டுகளில் நூற்றுக்கு 23க்கும் மேல் கோலாகியிருந்தன. இந்த விகிதத்தை யாராலும் தக்கவைக்க முடியாது, முதல் சுற்றுகளில் அவரை எடுக்காதீர்கள் என்றன. அந்தப் பருவத்தில் அவர் அடித்தது 24.

கோல்கீப்பர் பக்கங்களில் இந்த முன்னேற்றம் இல்லை. 2006–07இல் மார்ட்டின் பிராடர் 78 ஆட்டங்களில் நின்று 48 வெற்றிகள் பெற்றார். அப்படி ஒருவரை எடுத்துவிட்டால் பருவம் முழுவதும் கவலையில்லை. இப்போது பெரும்பாலான அணிகள் இருவருக்கிடையே ஆட்டங்களைப் பகிர்கின்றன. கோல்கீப்பரின் வெற்றி முழுவதும் அணியுடையது. அவர் தடுத்த விகிதமோ ஆண்டுக்காண்டு தாவுகிறது. 2019 ஜனவரி தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ் அணி, ஜோர்டன் பின்னிங்டன் என்ற புதுமுகத்தைக் கோலில் நிறுத்தியது. அவர் 24 வெற்றிகள் பெற்றார். அணி லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. முந்திய செப்டம்பரில் வெளிவந்த முன்னோட்டங்கள் அந்த அணியின் கோல்கீப்பர் பற்றிப் பேசியபோது ஜேக் ஆலனைப் பற்றித்தான் பேசின. அதற்குப் பிறகு வழிகாட்டிகள் ஒவ்வோர் அணியிலும் இரண்டாம், மூன்றாம் கோல்கீப்பர்களுக்கும் தனி வரிகள் ஒதுக்குகின்றன. கோல்கீப்பரை முதல் மூன்று சுற்றுகளில் எடுப்பதா, பொறுத்திருந்து பின்சுற்றுகளில் இருவரை எடுப்பதா என்பதில் முன்னோட்டம் எழுதுவோர் இன்றும் இரண்டு பட்டே நிற்கிறார்கள்.