‘கணிசமாக’ என்றால் எவ்வளவு? அமெரிக்க நைட்ரஜன் ஆக்சைடு விதிகளின் வரலாறு

2024 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெளியிட்ட ஒரு தீர்ப்பில் ஒரே பிழை ஐந்து இடங்களில் இருந்தது. வழக்கு நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பற்றியது. தீர்ப்பு ‘நைட்ரஸ் ஆக்சைடு’ என்று எழுதியிருந்தது. முன்னவை அனல்மின் நிலையக் கொதிகலன்களிலும் வாகன எஞ்சின்களிலும் உருவாகும் மாசு. பின்னது பல் மருத்துவர் வலி தெரியாமலிருக்க நோயாளிக்குக் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு. விரைவிலேயே திருத்தப்பட்ட படி வெளியானது. பத்திரிகைகள் நகைத்து ஓய்ந்தன. அந்த வழக்கின் உண்மையான சிக்கலோ பெயர்ச்சொல்லில் இல்லை. 1990இல் சட்டத்துக்குள் நுழைந்து, இன்றுவரை வரையறுக்கப்படாமல் இருக்கும் ஒரு வினையடையில் இருந்தது.

சிக்கல் புரிய வேண்டுமானால் முதலில் இந்த மாசின் இயல்பைப் பார்க்க வேண்டும். கந்தகம் நிலக்கரியோடு வருகிறது. கந்தகம் குறைந்த நிலக்கரியை வாங்கினால் கந்தக டை ஆக்சைடும் குறையும். நைட்ரஜன் அப்படியன்று. அதில் ஒரு பகுதி எரிபொருளில் இருந்தாலும், மற்றொரு பகுதி நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கிறது. தீயின் வெப்பம் மிகும்போது காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிவிடுகின்றன. இப்படி உருவான ஆக்சைடுகள் வெயிலில் ஹைட்ரோகார்பன்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் கண்டுகாட்டியவர் ஏரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர். அதற்குமுன் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். லாஸ் ஏஞ்சலிஸின் கண்ணெரிக்கும் புகைமூட்டத்துக்கு அவர் தந்த விளக்கத்தை எண்ணெய் நிறுவனங்கள் எளிதில் ஏற்கவில்லை.

அந்த விளக்கத்திலிருந்து ஒரு சங்கடமான உண்மை பிறக்கிறது. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் ஓசோன் வெளிவருவதில்லை. அது வழியில், காற்றில், மணிக்கணக்கில் உருவாகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து வேறொரு மாநிலத்தின் குழந்தையின் நுரையீரலைச் சேர்கிறது. கனெக்டிகட் கடற்கரையில் அளவி காட்டும் ஓசோனில் எத்தனை பங்கு ஒஹையோவின் நிலக்கரியிலிருந்து வந்தது என்பதை எந்தக் கருவியும் நேரடியாகச் சொல்லாது. கணினி மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டுத்தான் அறிய முடியும்.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் இதை எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று. அதன் கட்டமைப்பு எளிமையானது: காற்றின் தரத்தை மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிர்ணயிக்கும், அதை எப்படி எட்டுவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் செயலாக்கத் திட்டத்தில் எழுதி ஒப்புதல் பெறும். மாநிலம் தவறினால் மத்திய முகமையே திட்டம் வகுக்கும். தரம் இறுகும் ஒவ்வொரு முறையும் மாநிலங்கள் தம் திட்டங்களைப் புதுப்பிக்க வேண்டும். இன்றைய சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டுகள் அவகாசம். ஓசோன் தரம் இறுகியபடியேதான் வந்திருக்கிறது. 1979இல் ஒரு மணி நேரச் சராசரியாக நூறு கோடியில் 120 பங்கு, 1997இல் எட்டு மணி நேரச் சராசரியாக 80, 2008இல் 75, 2015இல் 70.

தொடக்கத்தில் மாநிலங்களும் மின் நிறுவனங்களும் கண்ட எளிய வழி, புகைபோக்கியை உயர்த்துவது. உள்ளூர் அளவி தூய காற்றைக் காட்டும். புகை மேலே போய்ப் பக்கத்து மாநிலத்தில் இறங்கும். பென்சில்வேனியாவின் ஹோமர் சிட்டி மின் நிலையத்தில் 1977இல் எழுப்பிய புகைபோக்கி 1,217 அடி உயரம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையில் அது மீண்டும் வரும்.

அதே 1977இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஒரு மாநிலத்தின் மாசு மற்றொரு மாநிலம் காற்றுத் தரத்தை எட்டுவதைத் ‘தடுக்க’க் கூடாது என்று எழுதியது. வலிமையான வினைச்சொல்தான், அந்த வலிமையே அதைப் பயனற்றதாக்கியது. கென்டக்கியின் லூயிவில் பகுதியின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஒஹையோ ஆற்றின் மறுகரையில் இண்டியானாவில் இருந்த கேலகர் மின் நிலையத்தின் கந்தகப் புகைக்கு எதிராக முறையிட்டது. இக்கரை நிலையம் செலவழித்து வடிகட்டி பொருத்தியிருக்க, அக்கரை நிலையம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கேலகரின் புகை மட்டுமே லூயிவில்லைத் ‘தடுக்கிறது’ என்று நிறுவ முடியவில்லை. 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முறையீட்டைக் கைவிட்டது. பலர் சேர்ந்து செய்யும் தீங்கில் எந்த ஒருவரும் தனியே ‘தடுப்பவர்’ ஆவதில்லை.

1990ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. ‘தடுத்தல்’ நீக்கப்பட்டது, ‘கணிசமாகப் பங்களித்தல்’ அதன் இடத்தைப் பெற்றது. பங்களிப்பவர் பலராக இருக்கலாம் என்பதைப் புதிய வினைச்சொல் ஏற்றுக்கொண்டது. ஆனால் எவ்வளவு பங்களித்தால் குற்றம் என்ற கேள்வியை முழுவதுமாக அந்த வினையடையின் தோளில் ஏற்றியது. அது சட்டத்தில் எங்கும் வரையறுக்கப்படவில்லை. தமிழில் பெயர்க்க முயல்பவருக்கு இந்தச் சிக்கல் உடனே தெரியும். ‘கணிசமாக’ என்றால் அளவில் பெரியது என்று பொருள்படும். ‘குறிப்பிடத்தக்க’ என்றால் சிறியதாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது என்று பொருள்படும். ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒருங்கே சுமக்கிறது. வழக்கறிஞர்கள் முப்பது ஆண்டுகளாக அந்த இடைவெளியில்தான் வாழ்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பொருள் தரும் முதல் பெரிய முயற்சி 1995இல் தொடங்கியது. கிழக்கிலிருந்த 37 மாநிலங்களின் அதிகாரிகள் இரண்டு ஆண்டுகள் கூடிப் பேசினார்கள். மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதன்பின் 1998இல் முகமை 22 மாநிலங்களையும் தலைநகர்ப் பகுதியையும் தம் திட்டங்களைத் திருத்தி நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்குமாறு ஆணையிட்டது. மின் நிலையங்களுக்குப் பத்து லட்சம் பிடியு வெப்பத்துக்கு 0.15 பவுண்டு என்ற அளவில் மாநில வரம்புகள் கணக்கிடப்பட்டன. அந்த ஆணையில் ஒளிந்திருந்த பொருள்கோள்தான் இங்கு முக்கியம். எந்த மாநிலம் கணிசமாகப் பங்களிக்கிறது என்பதை மாதிரி சொல்லும். எத்தனை டன் ‘கணிசமான’ பங்கு என்பதைச் செலவு சொல்லும். டன் ஒன்றுக்குச் சராசரியாக 2,000 டாலருக்குள் (1990 விலைவாசியில்) நீக்கக்கூடிய மாசு எல்லாம் கணிசம்; அதற்குமேல் செலவாகும் மாசு மன்னிக்கப்பட்டது.

மொழியியல் மாணவருக்கு இது வியப்பூட்டும் நகர்வு. அளவைக் குறித்த ஒரு சொல், விலையைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. எளிதில் துடைக்கக்கூடிய அழுக்கைத் துடைக்காதவரே குற்றவாளி என்ற நீதியும் இதில் இருக்கிறது. 2000 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதை ஏற்றனர். ‘கணிசம்’ என்பதை ஒரே பரிமாணத்தில்தான் அளக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றனர். மூன்றாமவரான டேவிட் சென்டெல், செலவு என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லையே என்று மறுத்தார். சொல்லை மட்டும் பார்த்தால் அவர் வாதத்தில் வலு உண்டு. ஆனால் அவர் வழியில் சென்றால் சட்டம் மீண்டும் லூயிவில்லின் நிலைக்கே திரும்பியிருக்கும்.

2004 மே 31 முதல் ஆணை முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தது. அம்மோனியாவையும் வினையூக்கியையும் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை மீண்டும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் கருவிகள் பெரிய நிலையங்களில் பொருத்தப்பட்டன. மே முதல் செப்டம்பர் வரையிலான ஓசோன் பருவத்தில் இத்திட்டத்துக்கு உட்பட்ட ஆலைகளின் வெளியீடு 2008இல், 2000ஆம் ஆண்டைவிட 62 விழுக்காடும் 1990ஐவிட 75 விழுக்காடும் குறைந்திருந்தது. அமெரிக்கக் காற்றுச் சட்ட வரலாற்றில் இத்தனை விரைவான பலன் தந்தவை சிலவே.

அடுத்து 1997ஆம் ஆண்டுத் தரத்துக்காக 2005இல் வந்த விதியை 2008இல் நீதிமன்றம் ரத்து செய்தது. பின் மாற்று வரும்வரை நீடிக்கட்டும் என்றது. மாற்று 2011இல் வந்தது. இதில் ‘கணிசம்’ இரண்டு படிகளாகியது. ஒரு மாநிலம் மற்றொன்றின் ஓசோனுக்குத் தரத்தின் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பங்களித்தால் விலகிக்கொள்ளலாம். அதற்குமேல் பங்களித்தால், முன்போலச் செலவுக் கணக்கு. இதை எதிர்த்தவர்களின் வழக்கு ஹோமர் சிட்டி நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் பெயரிலேயே வழங்குகிறது. 2012இல் நீதிபதி பிரெட் கவனா எழுதிய தீர்ப்பு விதியை ரத்து செய்தது: எந்த மாநிலமும் தான் செய்த பங்கைவிட அதிகமாகத் துடைக்க வேண்டியதில்லை, எவ்வளவு துடைக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் மாநிலத் திட்டத்தை நிராகரிக்கவும் கூடாது. 2014இல் உச்ச நீதிமன்றம் இதை ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் மாற்றியது. பல மாநிலங்களின் புகை பல மாநிலங்களில் கலக்கும்போது விகிதாசாரப் பங்கீடு கணக்கிலேயே நிற்காது என்று ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். மாநிலங்களுக்கு முன்கூட்டி இலக்கு சொல்ல வேண்டிய கடமை முகமைக்கு இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது.

அதாவது, வரையறுக்கப்படாத ஒரு சொல்லின் பொருளை ஒவ்வொரு மாநிலமும் தானே ஊகித்துத் திட்டத்தை எழுத வேண்டும். ஊகம் தவறென்று பின்னர் சொல்லப்படலாம். தேர்வு எழுதிய பிறகு வினாத்தாள் வழங்குவது போன்ற ஏற்பாடு. மாநிலங்கள் தாமதித்ததில் சூழ்ச்சி மட்டுமே இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

சூழ்ச்சியும் இல்லாமலில்லை. கருவி பொருத்தப்பட்ட பிறகும், மாசு உரிமங்களின் சந்தை விலை அம்மோனியாவின் விலையைவிடக் குறைந்தபோது, பல நிலையங்கள் கருவியை நிறுத்திவைத்தன அல்லது அரைகுறையாக ஓட்டின. 2016இல் மேரிலாண்ட் மாநிலம், ஐந்து மாநிலங்களின் 36 மின் அலகுகள் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைச் சரிவர இயக்கவில்லை என்று முறையிட்டது. புதிதாக ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை. இருப்பதை இயக்கச் சொன்னது. 2018இல் முகமை அதை நிராகரித்தது.

அதே 2018இல் முகமை வெளியிட்ட ஒரு குறிப்பு, 2015ஆம் ஆண்டுத் தரத்தைப் பொறுத்தவரை மாநிலங்கள் நூறு கோடியில் 0.7 பங்கு என்பதற்குப் பதில் 1 பங்கு என்பதை எல்லையாகக் கொள்ளலாம் என்று கோடிட்டுக் காட்டியது. சில மாநிலங்கள் அதை நம்பித் திட்டம் எழுதின. ஆட்சி மாறியது. 2023இல் 21 மாநிலங்களின் திட்டங்கள் நிராகரிக்கப்பட்டு, 23 மாநிலங்களுக்கான மத்திய ‘நல்ல அண்டைவீட்டார்’ திட்டம் வந்தது. மின் நிலையங்களோடு வேறு பல தொழிற்சாலைகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஆனால் வெவ்வேறு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பன்னிரண்டு மாநிலங்களின் திட்ட நிராகரிப்பை நிறுத்திவைத்தன. அம்மாநிலங்கள் மத்தியத் திட்டத்திலிருந்து தற்காலிகமாக வெளியேறின.

2024இல் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி இங்கிருந்து எழுந்தது. செலவின் எல்லைக்கோடு 23 மாநிலங்களின் ஆலைகளை ஒருங்கே வைத்து வரையப்பட்டது. பன்னிரண்டு வெளியேறிய பிறகும் அதே கோடு பொருந்துமா என்பதை முகமை நியாயமாக விளக்கவில்லை என்று கூறி, நீல் கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு திட்டத்தை நிறுத்திவைத்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். கோடு மாநிலங்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததே அன்று என்று ஏமி கோனி பாரெட் தம் மறுப்பில் விரிவாக வாதிட்டார்.

பாரெட்டின் வாதமே தொழில்நுட்ப அளவில் வலுவானது. டன்னுக்கு இத்தனை டாலர் என்ற கணக்கு ஆலையின் வகையைப் பொறுத்தது. ஆலை எந்த மாநிலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்ததன்று. ஆயினும் கோர்சச்சின் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. 1998இலேயே ‘கணிசம்’ கூட்டுச் சொல்லாகிவிட்டது. ஒஹையோவின் புகை கணிசமானதா என்ற கேள்விக்கு ஒஹையோவை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. எல்லாரையும் ஒரே பட்டியலில் வைத்து, எந்த விலையில் கோடு கிழிப்பது என்று முடிவெடுத்த பிறகே சொல்ல முடியும். அந்தப் பொருள்கோள்தான் விதியைச் சாத்தியமாக்கியது. பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக உருவினால் சொல்லின் பொருளையே அசைக்கலாம் என்ற உத்தியையும் அதுவே எதிர்த்தரப்புக்குக் கொடுத்தது. 2025 மார்ச்சில் முகமை இத்திட்டத்தையே மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்தது.

ஹோமர் சிட்டி நிலையம் 2023 ஜூலையில் மூடப்பட்டது. 2025 மார்ச் 22 அன்று அந்த 1,217 அடிப் புகைபோக்கியும் மற்றவையும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அடுத்த மாதமே அதே இடத்தில் தரவு மையங்களுக்கு மின்சாரம் தர, ஏழு பெரிய விசையாழிகளைக் கொண்ட இயற்கை எரிவாயு நிலையம் அறிவிக்கப்பட்டது. எரிவாயுவில் கந்தகம் அநேகமாக இல்லை. நைட்ரஜன் மட்டும் வழக்கம்போல் காற்றிலிருந்தே வரும்.