விற்றமின் குளிசைகளும் ஆண் கருவளமும்

குழந்தைக்காக முயலும் காலத்தில் ஆண்கள் உட்கொள்ளும் விற்றமின் ஈ, விற்றமின் சீ, ஃபோலிக் அமிலம், நாகம், செலனியம் முதலிய சத்துக் குளிசைகளையும், விந்தணுக்களின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றை அவை மேம்படுத்தும் என்ற கருத்தையும் பற்றியது இப்பதிவு. உடலில் ஒரு சத்துக் குறைந்திருந்தால் அதை ஈடுசெய்வது பலன் தரும். குறைவு இல்லாதவருக்கு மேலும் கொடுப்பதால் பிள்ளைப்பேறு கூடுவதாக நிறுவப்படவில்லை.

விற்றமின் என்ற சொல்லின் கதையில் இலங்கைக்கும் இடமுண்டு. 1912இல் கசிமிர் ஃபுங்க் அச்சொல்லை உருவாக்கியபோது தேடிக்கொண்டிருந்தது பெரிபெரி நோயைத் தீர்க்கும் பொருளை. பெரிபெரி என்பது பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் அடுக்கு. தவிடு போகத் தீட்டிய அரிசியையே நம்பி உண்டவர்களை வாட்டிய நோய் அது. திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்து நெல்லோ கந்தளாய் நெல்லோ, அவித்துக் குற்றினால் பெரிபெரியைத் தடுக்கும் சத்தின் பெரும்பகுதி அரிசிக்குள்ளேயே தங்கிவிடும்.

இனப்பெருக்கத்தோடு நேரடியாகத் தொடர்புபட்டுப் பெயர் பெற்றது விற்றமின் ஈ. 1922இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் ஸ்காட் பிஷப் இருவரும் எலிகளுக்குப் பால்புரதம், மாச்சத்து, பன்றிக் கொழுப்பு, வெண்ணெய்க் கொழுப்பு, ஈஸ்ட், உப்புகள் கலந்த உணவைக் கொடுத்து வளர்த்தனர். எலிகள் நன்றாகவே வளர்ந்தன, சினையும் பிடித்தன. ஆனால் குட்டிகள் கருப்பையிலேயே கரைந்து மறைந்தன. உணவோடு லெற்றூஸ் இலையைச் சேர்த்ததும் குட்டிகள் பிழைத்தன. கோதுமை முளையும் அதே பலனைத் தந்தது. இச்சத்து இல்லாமல் வளர்ந்த ஆண் எலிகளின் விதைகள் சிதைந்தன. பின்னர் சத்தைக் கொடுத்தும் அவை மீளவில்லை. 1936இல் எவன்ஸ் குழுவினர் கோதுமை முளை எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, பிள்ளைப்பேற்றைத் தருவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு டோக்கோபெரோல் என்று பெயரிட்டனர். 1938இல் பவுல் காரர் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். எலியில் கண்ட இந்த உண்மை மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்ற எண்ணம் அந்தப் பெயரோடு சேர்ந்தே பரவிவிட்டது. மனிதரில் விற்றமின் ஈ குறைவு முதன்மையாகத் தாக்குவது நரம்புகளை, நடை தள்ளாடும். இன்று பாமசியில் வாங்கும் மென்மையான கப்சூலை ஊசியால் குத்தினால் பிசுபிசுக்கும் மஞ்சள் எண்ணெய் கசியும். எவன்ஸ் பெயரிட்ட சத்து அந்த எண்ணெயில்தான் இருக்கிறது.

நாகத்தின் கதை இதைவிட வலுவானது. பீகாரில் பிறந்த வைத்தியர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதாகியும் சிறுவனைப் போலவே இருந்த ஓர் இளைஞரைக் கண்டார். உடல் வளரவில்லை, பருவ மாற்றங்களும் வரவில்லை. புளிக்க வைக்காத ரொட்டியே அவருடைய உணவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. தானியத்திலுள்ள ஃபைட்டேற் என்ற பொருள் நாகத்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. நாகக் குறைவே காரணம் என்பதைப் பிரசாத்தும் அவருடைய சகாக்களும் பின்னர் எகிப்தில் நடத்திய ஆய்வுகளில் காட்டினர். 1980இல் வெளியான ஆய்வில் ஐந்து ஆண்களின் உணவில் நாகத்தைக் குறைத்தபோது நால்வரின் விந்தணு எண்ணிக்கை இறங்கியது. நாகம் திரும்பக் கிடைத்ததும் மீண்டது. கொட்டியாரக் குடாவிலிருந்து வரும் நண்டு, இறால், கணவாய், சூரை ஆகியவை நாகமும் செலனியமும் தரும் உணவுகள். மீனும் கடலுணவும் வாரத்தில் பல நாள் சமைக்கும் வீட்டில் நாகக் குளிசைக்குத் தேவை அரிது.

பிற்காலப் பெரிய ஆய்வுகள் ஏமாற்றம் அளித்தன. அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆண்களுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் நாகமும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன. குளிசை எடுத்தவர்களில் 34 வீதமும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 35 வீதமும் குழந்தை பெற்றனர். குளிசை எடுத்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறு கூடுதலாக இருந்தது. விந்தணுக்களின் மரபுப்பொருள் சிதைவும் அவர்களிடமே அதிகம். 90 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வு சிறிது பலன் இருக்கலாம் என்றது. ஆனால் நம்பகம் குறைந்த ஆய்வுகளை விலக்கிப் பார்த்தபோது குழந்தைப்பேறு கூடியதற்குச் சான்று இல்லை. பெண்களின் நிலை வேறு. கருத்தரிப்பதற்கு முன்பே மனைவி எடுக்கும் ஃபோலிக் அமிலம் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும். கிளினிக்கில் தரும் அந்தக் குளிசையை அவர் தவறவிடக் கூடாது.

அளவுக்கு மிஞ்சினால் இவை தீங்கே. 35,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில் நாளொன்றுக்கு 400 சர்வதேச அலகு விற்றமின் ஈ புரஸ்டேற் புற்றுநோயை 17 வீதம் கூட்டியது 2011இல் தெரியவந்தது. நாகம் மிகுந்தால் உடலில் செம்பு குறையும். செலனியம் மிகுந்தால் முடியும் நகமும் உதிரும்.

விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். எந்தச் சிகிச்சையின் பலனையும் அதற்கு முன் அளக்க முடியாது. புகைத்தல், விதைப்பை நாளப் புடைப்பு, உடற்பயிற்சி நிலையங்களில் போடும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போன்றவை விந்தணுவைக் குறைக்கும் காரணங்கள். இவற்றை விற்றமின் சரிசெய்யாது. காரணம் தெரிய விந்துப் பரிசோதனை வேண்டும். விந்து வெளியேற்றாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு எடுத்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் குளிரவும் கூடாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகுப் பாதைக்குக் காத்திருந்த அவ்வூர் மக்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எளிதாக இருந்திருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலீற்றரில் 1.6 கோடி விந்தணுக்களும் 42 வீத அசைவும் கீழெல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு முதல் வாசல் குடும்பநல மருத்துவமாதுவும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும். அடுத்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையும் கிண்ணியா, மூதூர் தள வைத்தியசாலைகளும்.

கலியாணமாகிப் பிள்ளை தங்கவில்லை என்றால் மனைவியை மட்டும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் அலைக்கழிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கருவளக் குறைவுள்ள தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் உண்டு. ஓராண்டு முயன்றும், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரும் சேர்ந்தே வைத்தியரைப் பாருங்கள். குளிசை வாங்குவதற்கு முன் கணவர் விந்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும்.