அச்சுக்கோத்த பக்கமும் பல்லூடகமும்

டொனால்டு குனூத் 1978இல் உருவாக்கிய டெக் மென்பொருள் அச்சுக்கோப்பைக் கணிப்பொறியின் பணியாக்கிற்று. எக்கணிப்பொறியிலும் பக்கம் ஒரே தோற்றத்தில் அமையவேண்டும் என்னும் நோக்குடன் அடோபி நிறுவனம் 1993இல் பி.டி.எஃப். வடிவத்தை வெளியிட்டது. 1996இல் அவ்வடிவம் நிரப்பத்தக்க படிவங்களையும் ஒலியையும் அசைபடத்தையும் ஏற்றது. பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களும் அதில் இடம்பெற்றன.

டெக் கோப்பிலிருந்து நேரடியாகவே பி.டி.எஃப். பக்கங்களை ஆக்கும் பிடிஎஃப்டெக் நிரலை, செக் நாட்டின் மாசரிக் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹான் தே தான் உருவாக்கினார். அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் டி. பி. ஸ்டோரி ஆக்ரோடெக் தொகுப்பை அமைத்தார். அதன் துணையால், மாணவர் அளித்த விடையைப் பாடப்பக்கமே திருத்தி மதிப்பெண் வழங்கியது.

ஆயினும், இவ்வசதிகள் ஆவணத்திற்குப் புறத்தேயுள்ள மென்பொருளைச் சார்ந்தவை. அடோபியின் படிப்பான் 2008இல் ஃபிளாஷ் இயக்கியைத் தன்னுள் கொண்டது. 2020 இறுதியில் ஃபிளாஷ் கைவிடப்பட்டபின், அதனை நம்பிய ஒலியும் படமும் இயங்கா நிலையெய்தின. அச்சுக்கோத்த எழுத்து மட்டும் எஞ்சியது. நீண்டகாலக் காப்புக்கென 2005இல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ தரம் நிரலையும் ஒலியையும் அசைபடத்தையும் விலக்கியதன் காரணம் இதனால் விளங்கும்.

எனவே, மொழிப்பாட நூலில் ஒலிப்பதிவை இணைப்போர் அதன் எழுத்துவடிவைப் பக்கத்திலேயே அச்சிடுதலும், மூல ஒலிக்கோப்பைத் தனியே காத்தலும் இன்றியமையாதன.