பெரட்டுக்குத் திரும்பியவர்கள்: கலைக்கப்பட்ட படைகளும் 1948ஆம் ஆண்டு மீளழைப்பும்

தோட்டத்தில் விடியுமுன் மணி அடிக்கும். பால்மரம் சீவுகிறவர்கள் வரிசையில் வந்து நிற்க, கிராணி (தோட்டக் கணக்கர்) செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். இதற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். ‘பரேட்’ என்ற ராணுவச் சொல் தமிழ் வாயில் இப்படி ஆனது. செக்ரோலில் பெயர் இல்லாதவனைக் கூப்பிட முடியாது. கலைத்த படையைத் திரும்ப அழைப்பதற்கும் இதுவே விதி. நெகிரி செம்பிலானின் ஜெலபு மாவட்டத்தில், கோலா கிளாவாங்கைச் சுற்றிய மலைகளிலும் தோட்டங்களிலும் 1945க்கும் 1949க்கும் இடையில் இந்த விதி எப்படி வேலை செய்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மலாயாவில் சட்டப்படியான சேமப்படை வெகுகாலம் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார் சார்ந்த விவகாரமாகவே இருந்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொண்டர் படையில் தோட்ட நிர்வாகிகள் வார இறுதிகளில் பயிற்சி எடுத்தார்கள். 1941 டிசம்பர் தொடக்கத்தில் அப்படை முழுநேரச் சேவைக்குக் கூப்பிடப்பட்டது. இரண்டரை மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது, பட்டியலும் போயிற்று.

உண்மையான படைகள் அதற்குப் பிறகுதான் உருவாயின. 1942 மார்ச் 18 அன்று ஜெலபுவின் தித்தி அருகே ஜூ லூங் லூங் என்ற சீனக் குடியேற்றத்தில் ஜப்பானியர் நடத்திய படுகொலையில் இறந்தவர்கள் 1,474 பேர் என்பது கணக்கு. இத்தகைய கொலைகளே சீன இளைஞர்களைக் காட்டுக்குத் தள்ளி, கம்யூனிஸ்டுக் கட்சி நடத்திய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு ஆள் சேர்த்தன. தோட்டத் தமிழர் வேறு திசையில் போனார்கள். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் லயங்களிலிருந்து ஏராளமானோர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தனர். கோலா கிளாவாங்கிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையில் சுமார் 40 கிலோமீட்டர் இறங்கினால் சிரம்பான். அங்கே ஐ.என்.ஏ. பயிற்சி முகாம் இருந்தது. ஜப்பான் சரணடையும் செய்தி 1945 ஆகஸ்டில் போஸை எட்டியதும் சிரம்பானில்தான்.

இரண்டு படைகளும் கலைந்தன. ஆனால் கலைந்த விதம் வேறு, அந்த வேறுபாடுதான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது என் கருத்து.

காட்டுப் படையை பிரிட்டிஷார் 1945 டிசம்பரில் அணிவகுப்பு நடத்தி மரியாதையாகக் கலைத்தார்கள். சுமார் 6,800 பேர். ஆளுக்கு 350 வெள்ளி. போருக்கு முன் தோட்டத் தமிழனின் நாள்கூலி 50 காசு என்று வைத்தால் இது 700 நாள் சம்பளம். போருக்குப் பிந்தைய அரிசி விலையில் அது சீக்கிரமே கரைந்திருக்கும், அது வேறு கதை. ஒப்படைத்த ஆயுதங்கள் 5,497. ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படை வான்வழி இறக்கிக் கொடுத்ததைவிட இது அதிகம். ஆகவே கணக்கு நேர் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 1942இல் தோற்றோடிய பிரிட்டிஷ் படை போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகள் எந்தக் கணக்கிலும் இல்லை. எண்ணெய் தடவிக் காட்டில் புதைக்கப்பட்டவை புதைந்தபடியே கிடந்தன. கலைந்தவர்கள் ‘முன்னாள் தோழர்கள் சங்கம்’ அமைத்தார்கள். வெளியே நல்வாழ்வுச் சங்கம். உள்ளே யார் எங்கே இருக்கிறார் என்ற செக்ரோல்.

ஐ.என்.ஏ. வீரனுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. பணமில்லை, பட்டியலில்லை. காக்கிச் சட்டையோடு லயத்துக்குத் திரும்பி மறுபடி பால்வாளியைத் தூக்கினான். கவாத்து மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. கெடாவில் அது ‘தொண்டர் படை’ என்ற தோட்டத் தமிழர் அமைப்பாக வெளிப்பட்டு, கள்ளுக்கடை மறியலாக மாறி, 1947இல் போலீஸ் துப்பாக்கியைச் சந்தித்தது.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் நீண்டது. கட்சி முன்னாள் தோழர்களைக் காட்டுக்கு அழைத்தது. புதைத்தவை தோண்டப்பட்டன. பழைய படைப்பிரிவுகளின் அச்சிலேயே ‘பிரிட்டிஷ் எதிர்ப்புப் படை’ எழுந்தது; 1949 பிப்ரவரியில் அது தேசிய விடுதலைப் படை என்று பெயர் மாறியது. அரசாங்கம் முன்னாள் தோழர்கள் சங்கத்தைத் தடை செய்த நாள் ஜூலை 23. பட்டியல் தன் வேலையை முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுபக்கமும் பழைய ஆட்களைத்தான் தேடியது. காட்டில் கெரில்லாக்களோடு வாழ்ந்த ஃபோர்ஸ் 136 அதிகாரிகள், ஜான் டேவிஸ் உட்பட, ‘ஃபெரட் ஃபோர்ஸ்’ என்ற சிறு அணிகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். (காதுக்குப் பெரட்டு போல ஒலித்தாலும், அது முயல் வளைக்குள் புகுந்து விரட்டும் கீரி போன்ற சிறு விலங்கின் பெயர்.) பாலஸ்தீனத்தில் வேலை போன போலீஸ் சார்ஜண்டுகள் நூற்றுக்கணக்கில் வந்து, தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டேவிஸும் இப்போது எதிர்ப்பக்கத்தில் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவராக இருந்த சின் பெங்கும் ஒரே முகாமில் சோறு பகிர்ந்தவர்கள். சின் பெங்குக்கு பிரிட்டிஷ் அரசு ஓ.பி.ஈ. விருதே அறிவித்திருந்தது.

தமிழரை யாரும் படையாக அழைக்கவில்லை, அழைக்கவும் முடியாது. போனவர்கள் தனித்தனியாக, தொழிற்சங்கத்தின் வழியாகப் போனார்கள். ஐ.என்.ஏ.யில் பயிற்றுநராக இருந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948இல் சட்டத் திருத்தம் அந்தச் சம்மேளனத்தை முடக்கியது. 1949 மார்ச்சில் கணபதி ரவாங் வட்டாரத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு ரவைகளோடும் பிடிபட்டார். ஆயுதம் வைத்திருந்ததற்கே தூக்கு என்பது அவசரகாலச் சட்டம். நேரு அரசின் முறையீடு பலிக்கவில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள், அவருடைய தொழிற்சங்கத் தோழர் வீரசேனன், ஜெலபுப் பகுதியில் ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.