காதும் வாரும்: சிறிய ஃபிலிம் கேமராவைச் சுமந்த வரலாறு

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதியவர்கள் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் படச்சுருளுக்கும் ஒதுக்கிய பக்கங்களை நோக்க, கேமராவை உடலோடு பிணைக்கும் வாருக்கு ஒதுக்கியவை மிகச் சில. ஆயினும் கருவி எவ்வளவு விரைவாகக் கண்ணுக்கு உயரும், ஒரு நாள் முழுதும் அலுப்பின்றி உடனிருக்குமா, கூட்டத்தில் கண்ணில் படுமா மறைந்து கிடக்குமா என்பனவற்றைத் தீர்மானிப்பதில் வாருக்குப் பெரும் பங்கு உண்டு. கேமரா சிறுத்தால் அதைச் சுமக்கும் சிக்கலும் தானே தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும், நடந்ததோ வேறு. எடை குறைந்தபோது கழுத்து வலி குறைந்தது என்பது உண்மையே, ஆனால் ஊசலாட்டம், புரளல், கை நழுவல் என்னும் புதிய தொல்லைகள் அதன் இடத்தைப் பிடித்தன. அவற்றுக்கான விடைகள் வார் எதனால் ஆனது என்பதைக் காட்டிலும், வாரை மாட்டுவதற்கெனக் கேமராவின் உடலில் பதிக்கப்பட்ட சிறு கண்ணி எத்தனை, எங்கே என்பதைப் பொறுத்தே அமைந்தன. அந்தக் கண்ணியை இங்குக் காது என்று குறிப்பிடலாம்.

1839இல் டாகரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டதிலிருந்து அரை நூற்றாண்டு வரை கேமரா என்பது முக்காலியில் நிறுத்தப்படும் மரப்பெட்டியாகவே இருந்தமையால், அதைச் சுமப்பது பயணத்தின் வேலையாக இருந்ததேயன்றிப் படமெடுப்பதன் பகுதியாக இருக்கவில்லை. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடக், நூறு படங்களுக்கான சுருளைத் தாங்கிய கைப்பெட்டியாக வந்து இந்த நிலையை மாற்றியது. அதில் வியூஃபைண்டர் கிடையாது, மார்போடு அணைத்துக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். 1900இல் ஒரு டாலர் விலைக்குத் தொடங்கிய பிரௌனி வரிசையின் பெட்டிக் கேமராக்களில் தோலாலான கைப்பிடி பொதுவாக இடம்பெற்றது. பெட்டியைத் தூக்கிச் செல்லவே அது பயன்பட்டது. படமெடுக்கும்போது அதற்கு வேலையில்லை. 1912இல் வந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் வேறொரு வழியைக் காட்டியது. மடித்தால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தடிமனே கொண்ட அக்கருவி, பெயருக்கேற்பக் கோட்டின் உள்ளே அணியும் சட்டையின் பையில் அடங்கியது. முதல் உலகப் போரில் படைவீரர்கள் அதனைப் பெரிதும் விரும்பியதற்கும், வீரர்கள் சொந்தக் கேமரா வைத்திருக்க பிரிட்டிஷ் படை விதித்த தடையை மீறி அது போர்முனையில் உலவியதற்கும், வெளியே தொங்கும் வார் எதுவும் அதற்குத் தேவைப்படாமல் இருந்தது ஒரு காரணம். ஆனால் பையில் மடிந்து கிடக்கும் கருவியை எடுத்து, விரித்து, குறிபார்ப்பதற்குள் காட்சி கலைந்துவிடும். பாதுகாப்பும் விரைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற நெருக்கடி இங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த நெருக்கடியைக் கூர்மையாக்கியது லைக்கா. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், ஆஸ்துமா நோயால் கனமான தகட்டுக் கேமராக்களைச் சுமக்க இயலாதவராக இருந்தார். திரைப்படச் சுருளையே பயன்படுத்தி, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் பதிக்கும் சிறு கருவியை அவர் முதல் உலகப் போருக்கு முன்பே உருவாக்கியிருந்தார். 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அது விற்பனைக்கு அறிமுகமானபோது, சுமையைக் குறைப்பதற்கென்றே பிறந்த அக்கருவியின் உடலில் வார் மாட்ட ஒரு காதுகூட இல்லை. வார் இருந்தது கேமராவை மூடிய தோலுறையில்தான். எவர்ரெடி உறை என்று பின்னர் உலகெங்கும் வழங்கிய இவ்வகை உறையின் அடிப்பாகம், முக்காலிக்கென அமைந்த திருகுத் துளையில் ஒரு திருகாணியால் கேமராவோடு பிணைக்கப்படும். முன்பாகம் பொத்தானைக் கழற்றினால் கீழே விழுந்து தொங்கும். வார் உறையின் இரு பக்கங்களில் தைக்கப்பட்டிருக்கும். எடை முழுவதையும் உறையே தாங்கியதால் கேமராவின் உடலுக்குச் சிராய்ப்பு நேரவில்லை, ஆயினும் அதற்குரிய விலையைப் பயனாளர் கொடுக்க வேண்டியிருந்தது. லைக்காவில் படச்சுருளை அடித்தகட்டைக் கழற்றியே மாற்ற வேண்டும் என்பதால், 36 படங்கள் முடிந்த ஒவ்வொரு முறையும் உறையிலிருந்து கருவியை விடுவித்து, சுருளை மாற்றி, மீண்டும் திருகிப் பூட்ட வேண்டியிருந்தது. தொங்கும் முன்பாகமோ காற்றில் ஆடி லென்ஸின் முன்னே வந்தது. இரு கைகளுக்கும் இடையிலும் சிக்கியது. ஈரப்பதம் மிக்க நாடுகளில் தோலுறைக்குள் நெடுநாள் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை படர்ந்தது இன்னொரு கேடு.

1933இல் வெளிவந்த மூன்றாம் வகை லைக்காவில், மெதுவான ஷட்டர் வேகங்களைத் தேர்ந்தெடுக்கும் வட்டோடு கூட, உடலின் இரு பக்கங்களிலும் காதுகள் பொருத்தப்பட்டன. விவரப் பட்டியலில் சிறியதாகத் தோன்றும் இந்த மாற்றம், சுமக்கும் பொறுப்பை உறையிலிருந்து கேமராவுக்கு மாற்றியது. கேமரா உறையின்றி வெற்றுடலாகக் கழுத்தில் தொங்க முடிந்தது. சுருள் மாற்றும்போது வாரைக் கழற்ற வேண்டியதில்லை. உறை வேண்டுவோர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதோர் விட்டுவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் உருவான 35 மில்லிமீட்டர் கேமராக்களுள் பெரும்பாலானவை இரு பக்கக் காது என்னும் இந்த ஏற்பாட்டையே பின்பற்றின.

இரு காதுகளில் மாட்டிய கழுத்துவார் தரும் வசதியும் வசதிக்குறைவும் எளிய கணக்கில் அடங்குபவை. 400 கிராம் எடையுள்ள கேமராவை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள தோல்வாரில் தொங்கவிட்டு, அது பிடரியில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிந்திருப்பதாகக் கொண்டால், எடை முழுதும் 15 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்கும். வாரின் அகலத்தை நான்கு மடங்காக்கினால் அழுத்தம் நான்கில் ஒன்றாகும். பெரிய லென்ஸ் பொருத்திய கனமான கேமராக்களுக்கு அகன்ற வார் பரவியதன் காரணம் இதுவே. சிறிய கேமராவுக்கோ இந்த விடை முழுமையாகப் பொருந்துவதில்லை. 200 கிராம் எடை கழுத்தை அவ்வளவாக அழுத்துவதில்லை; ஆனால் எடை குறைந்த பொருளை நீண்ட வாரின் நுனியில் விட்டால் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் அது வயிற்றில் மோதும், குனிந்தால் முன்னே பாய்ந்து மேசை விளிம்பில் இடிக்கும். அகன்ற பட்டையைப் பூட்டினால் வாரே கேமராவின் பாதி எடையை எட்டிவிடுவதோடு, சட்டைப்பையில் அடங்க வேண்டிய கருவி அடங்காமலும் போகும். ஆகவே சிறிய கேமராவுக்கு அழுத்தத்தைப் பரப்புவதைவிட ஆட்டத்தை அடக்குவதே முதன்மையான தேவையாயிற்று.

இத்தேவைக்குக் கிடைத்த முதல் விடைகளுள் நேர்த்தியானது லாட்வியாவின் ரீகா நகரில் உருவான மினாக்ஸின் சங்கிலி. வால்டர் சாப் வடிவமைத்து, 1930களின் இறுதியில் வெஃப் ஆலையில் உற்பத்தியான மினாக்ஸ், உள்ளங்கைக்குள் மறையும் அளவே கொண்டது. அதன் ஒரு முனையில் மாட்டப்பட்ட மெல்லிய உலோகச் சங்கிலி, ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் நீளத்தில், குறித்த தொலைவுகளில் மணிகள் கோக்கப்பட்டிருந்தது. ஆவணத்தைப் படமெடுப்பவர் சங்கிலியை இழுத்துப் பிடித்து, உரிய மணி தாளைத் தொடும் இடத்தில் கேமராவை நிறுத்தினால், அதே தொலைவுக்கு லென்ஸைக் குவியப்படுத்தித் துல்லியமாகப் பதிவு செய்துவிடலாம். நழுவாமல் காக்கும் சங்கிலியே அளவுகோலாகவும் அமைந்தமையால், அது கழற்றி வைக்கக்கூடிய துணைப்பொருளாக இல்லாமல் கருவியின் உறுப்பாகவே ஆகிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் 1980களிலும் 1990களிலும் வந்த தானியங்கிக் கேமராக்கள் சிலவற்றில் இதே சிந்தனை வேறு வடிவில் திரும்பியது. பாதிச் சுருளிலேயே படத்தைப் பின்சுற்ற உதவும் பொத்தானை, தவறுதலாக அழுந்திவிடாதபடி குழிக்குள் பதித்த வடிவமைப்பாளர்கள், அதை அழுத்துவதற்கான சிறு கூர்முனையை மணிக்கட்டுக் கயிற்றின் பிளாஸ்டிக் வில்லையிலேயே வைத்தனர்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மணிக்கட்டுக் கயிறு, அதாவது கேமராவின் ஒரே காதில் மாட்டிக் கைமணிக்கட்டில் நுழைத்துக்கொள்ளும் குட்டை வளையம், சிறிய கேமராவின் அடையாளமாகவே மாறியது. 1963இல் கோடக் வெளியிட்ட, சுருளைக் கையால் கோக்க வேண்டிய தேவையில்லாத இன்ஸ்டமேடிக் வரிசை, இப்பழக்கத்தை எளிய பயனாளர்களிடம் கொண்டுசென்றது. 1966இல் கோல்ன் நகரின் ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிமுகமான ரோலை 35, ஹைன்ஸ் வாஸ்கே என்னும் பொறியாளரின் கைவண்ணத்தில், முழு அளவு 35 மில்லிமீட்டர் படத்தைப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள உலோக உடலுக்குள் அடக்கியது. லென்ஸ் உள்ளே மடங்கிக்கொள்ளும் அக்கருவிக்கும் ஒரு பக்கத்தில் மட்டுமே வார் மாட்ட இடம் விடப்பட்டது. ஒற்றைக் காதில் தொங்கும் கேமரா செங்குத்தாக நின்று, தன் குறுகிய பக்கத்தை மட்டுமே உடலுக்கு வெளியே காட்டும். கையில் பிடித்திருக்கும்போது கயிறு எடையைத் தாங்குவதில்லை, நழுவினால் மட்டுமே வேலை செய்கிறது. கழுத்துவார் சுமப்பதற்கான ஏற்பாடு என்றால் மணிக்கட்டுக் கயிறு காப்பதற்கான ஏற்பாடு. எப்போதும் ஒரு கை கேமராவுக்கே ஒதுக்கப்பட்டுவிடும் என்பது அதன் குறை.

1973இல் லைட்ஸ் நிறுவனமும் ஜப்பானின் மினோல்டாவும் சேர்ந்து வெளியிட்ட லைக்கா சிஎல் இவ்விரு ஏற்பாடுகளையும் இணைக்க முயன்றது. அதில் காதுகள் இரண்டு. ஆனால் இரண்டும் கேமராவின் ஒரே பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. இதனால் நீண்ட வாரில் தோளுக்குக் குறுக்காக அணிந்தால் கருவி செங்குத்தாக விலாவோடு ஒட்டிக்கிடந்தது. ஒற்றைக் காதில் நேரும் சுழற்சியும் இல்லை. சிறிய கேமராவைச் சுமக்கும் சிக்கலைக் காதின் இடத்தை மாற்றுவதன் மூலமே அணுகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உறையின் ஆட்சிக்கு முடிவு கட்டியவர் ஒலிம்பஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைத்தானி. 1979இல் வந்த எக்ஸ்ஏ கேமராவில் லென்ஸையும் வியூஃபைண்டரையும் மூடும் நகரும் ஓடு உடலிலேயே அமைந்ததால், லென்ஸ் மூடியும் தேவையில்லை, உறையும் தேவையில்லை என்றாயிற்று. 225 கிராம் எடையுள்ள அக்கருவி சட்டைப்பையில் கிடக்க, மெல்லிய கயிறு மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும். அதைப் பற்றி இழுத்தால் கேமரா கைக்கு வரும். 1991இல் வந்த மியூவும் 1997இல் வந்த மியூ-2உம் நகரும் ஓட்டைத் தக்கவைத்துக்கொண்டு எடையை இன்னும் குறைத்தன. வெஸ்ட் பாக்கெட் கோடக்கோடு தொடங்கிய பைவழி இவ்வாறு திரும்பி வந்தது. இடையில் கிடைத்த லாபம், விரிக்கும் நேரம் இல்லாமல் போனது.

ஒற்றைக் கயிற்றில் தொங்கும் சிறு பொருள் ஜப்பானுக்குப் புதிதன்று. பை தைக்கப்படாத கிமோனோவை அணிந்தோர் மருந்தும் முத்திரையும் வைக்கும் இன்ரோ என்ற சிறு பெட்டியை இடுப்புக் கச்சையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கயிறு நழுவாதபடி அதன் மேல்முனையில் நெட்சுகே என்ற செதுக்குக் குமிழைக் கோத்தனர். அந்த வழக்கமே ஒற்றைக் காது கேமராவைத் தோற்றுவித்தது என்று சொல்ல இடமில்லை, ஏனெனில் ரீகாவின் மினாக்ஸும் ஜெர்மனியின் ரோலையும் அதே விடையைத் தனித்தே கண்டடைந்தன. ஆனால் கயிறு பின்னும் கைத்தொழிலுக்கும் இன்றைய கேமரா வாருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குமிஹிமோ எனப்படும் பட்டுப் பின்னல், கவசத் தகடுகளைக் கோக்கவும் வாளுறையைக் கட்டவும் பயன்பட்டது. 1876இல் பொதுமக்கள் வாள் அணிவது தடைசெய்யப்பட்டபின் அத்தொழிலினர் கிமோனோக் கச்சையின்மேல் கட்டும் கயிற்றை நம்பி வாழ்ந்தனர். அண்மைக் காலத்தில் ஆர்ட்டிசன் அண்டு ஆர்ட்டிஸ்ட் என்னும் ஜப்பானிய நிறுவனம் இப்பின்னலைக் கேமரா வாராக விற்றது. உருண்ட பட்டுக்கயிறு அழுத்தத்தைப் பரப்புவதில்லை. ஆயினும் அதற்கு வெட்டும் விளிம்பு இல்லை, எப்பக்கம் புரண்டாலும் ஒரே வடிவில் இருப்பதால் தட்டைப் பட்டைபோல முறுக்கிக்கொள்வதும் இல்லை, பின்னலின் நெகிழ்வு நடையின் அதிர்வையும் ஓரளவு உண்டுவிடுகிறது. எடை குறைந்த கேமராவுக்கு அகலத்தைவிட இவையே முக்கியம்.

ஃபிலிமுக்குத் திரும்பிய இன்றைய தலைமுறை கையாளும் சிறிய கேமராக்களுள் மிகப் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை. அவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது, உதிரிபாகங்களும் அரிதாகிவிட்டன. அதனால் வாரின் பணியில் காக்கும் பங்கு மேலும் கூடியுள்ளது. எஃகு வளையம் பித்தளைக் காதை ஆண்டுக்கணக்கில் அராவிப் பள்ளமாக்கிவிடும் என்பதாலும், மெல்லிய வண்ணப்பூச்சின்மேல் உலோகம் உரசும் என்பதாலும், காதில் முதலில் மெல்லிய நூல்வளையத்தைச் செலுத்தி, அந்த வளையத்துக்குள் வாரின் மறுமுனையை நுழைத்து இழுத்து இறுக்கும் முடிச்சே இத்தகைய பழைய கருவிகளுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. 2010களில் பீக் டிசைன் முதலிய நிறுவனங்கள் இந்நூல்வளையத்தின் நுனியில் ஒரு வட்ட வில்லையைச் சேர்த்து, அதே கேமராவில் காலையில் மணிக்கட்டுக் கயிற்றையும் மாலையில் தோள்வாரையும் நொடியில் மாற்றிக்கொள்ள வழிசெய்தன.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு கட்டத்திலும் காதின் எண்ணிக்கையும் இடமும், கேமரா எவ்வாறு சுமக்கப்பட வேண்டும் என்று அதனைச் செய்தவர் கொண்ட கருத்தையே காட்டுகின்றன: காதே இல்லாத முதல் லைக்கா உறையை நம்பியது, இரு பக்கக் காது கழுத்தை நம்பியது, ஒற்றைக் காது கையையும் பையையும் நம்பியது. ரிகோவின் ஜிஆர் டிஜிட்டல் வரிசைக் கருவிகள் மூன்று காதுகளோடு வந்து, கிடையாகத் தொங்கவிடுவதா செங்குத்தாகத் தொங்கவிடுவதா என்னும் முடிவைப் பயனாளரிடமே விட்டன. பழைய ஃபிலிம் கேமராவை வைத்திருப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. தம் கருவியின் காது எந்த நிலையை எண்ணி வைக்கப்பட்டது என்று அறிந்து, வாரை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பவருக்கு மெல்லிய கயிறே போதுமானதாக அமைகிறது. அதை மறந்து அகலத்தையும் மென்மையையும் மட்டும் தேடுபவருக்கு விலையுயர்ந்த தோல்வாரும் சுமையாகிறது.