ஆசியக் கொல்ஃப் சுற்றும் அது எட்டாத மட்டக்களப்பு வாவியும் (1970–1979)

முன்னுரை

1970களில் ஆண்டுதோறும் பெப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் தொழில்முறைக் கொல்ஃப் பருவம் ஒன்று ஆசியாவில் நடந்துவந்தது. வாரத்துக்கு ஒரு நகரம் என்ற கணக்கில் வீரர்கள் இடம்பெயர்ந்தார்கள். பிலிப்பைன்ஸ், ஹொங்கொங், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தியா, இந்தோனேசியா, தாய்வான், தென்கொரியா, ஜப்பான் எனப் பத்துத் தரிப்பிடங்கள் அதில் இருந்தன. இலங்கை இருக்கவில்லை.

இந்த விடுபடல் விளக்கம் வேண்டுவது. இலங்கையின் அமெச்சூர் கொல்ஃப் சம்பியன்ஷிப் 1891இல் தொடங்கியது; இந்தியாவினது 1892இல். பழைமையில் முந்திய நாடு, தொழில்முறைப் பருவம் உருவானபோது ஏன் வெளியே நின்றது? அத்தீவுக்குள்ளும் இவ்விளையாட்டு கொழும்பையும் மலைநாட்டையும் தாண்டி மட்டக்களப்பு வாவிக்கரையில் ஏன் வேர்விடவில்லை? இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம்: ஒரு போட்டிப் பருவம் எங்கே போய்ச் சேரும் என்பதை வீரரின் திறமைக்கு முன்னதாகவே நிலத்தையும் நாணயத்தையும் கட்டுப்படுத்தும் நிறுவனங்கள் தீர்மானித்துவிடுகின்றன.

கழகங்கள் வகுத்த பாதை

தெற்காசியாவில் கொல்ஃப், கொலனித்துவ அதிகாரிகளும் வணிகர்களும் தமக்காக அமைத்த கழகங்களின் வழியே வந்தது. 1829இல் தோன்றிய ரோயல் கல்கத்தா கொல்ஃப் கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைமையானது. கொழும்புக் கழகத்தினர் முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளைப் பக்கத்து ரிட்ஜ்வே மைதானத்துக்கு மாறினார்கள். அது அப்போதைய ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரைத் தாங்கியது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை இன்றும் அம்மைதானத்தை ஊடறுத்தே செல்கிறது. கழகத்துக்கு 'ரோயல்' பட்டம் 1928இல் கிடைத்தது. நுவரெலியாவில் தேயிலைத் துரைமாருக்கும் கோடை விடுமுறைக்கு வரும் அதிகாரிகளுக்குமாக மற்றொரு மைதானம் எழுந்தது. 1999இல் கண்டிக்கு அருகே விக்டோரியா மைதானம் திறக்கப்படும்வரை, தேசிய மட்டப் போட்டிகளுக்குரிய 18 குழி மைதானங்களாக விளங்கியவை இவ்விரண்டுமே. ஒன்று துறைமுகத் தலைநகரத்தில், மற்றது தோட்டப் பொருளாதாரத்தின் உச்சியில். இலங்கைக் கொல்ஃபின் நிலவரைபடம் அவ்வளவே.

சுற்றின் தோற்றம்

ஆசியச் சுற்றுக்கான யோசனை 1950களின் இறுதியில் அவுஸ்திரேலியத் தொழில்முறை வீரர் எரிக் கிரெமினிடமிருந்து வந்தது. ஹொங்கொங்கில் இருந்த வேல்ஸ் நாட்டு அமெச்சூர் கிம் ஹோல் அதைச் செயலாக்கினார். ஐந்து முறை பிரித்தானிய ஓபனை வென்ற பீற்றர் தொம்சன் துணை நின்றார். 1959இல் ஹொங்கொங் ஓபன் ஆரம்பமாகி, தாய்வானின் லூ லியாங்-ஹுவான் முதல் வெற்றியாளரானார். 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ், ஹொங்கொங், சிங்கப்பூர், மலாயா, ஜப்பான் ஆகிய ஐந்து இடப் போட்டிகள் தூரகிழக்குச் சுற்று என ஒரே தொடராகக் கோக்கப்பட்டன. ஜப்பானியப் போட்டிக்குப் பின்னால் யொமியூரி என்ற நாளிதழ் நிறுவனம் இருந்தது.

இவ்வமைப்பின் பொருளியல் எளியது. தனியொரு போட்டிக்காக வெளிநாட்டு வீரரை அழைப்பது செலவு மிக்கது. அடுத்தடுத்த வாரங்களில் அண்டை நகரங்களில் போட்டிகள் இருந்தால், ஒரே பயணத்தில் பல பரிசுகளுக்கு ஆடலாம். ஆகவே புதிதாகச் சேர விரும்பும் நாட்டுக்கு மூன்று தேவைகள் இருந்தன: தரமான மைதானம் வைத்திருக்கும் கழகம், பரிசுப் பணத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றிக் கொடுக்கும் வசதி, தொடரின் வழியில் பொருந்தும் விமானப் பாதை.

1970களின் பருவம்: இந்தியாவின் நிலை

தொம்சனின் ஊக்கத்தால் 1964இல் டில்லி கொல்ஃப் கழகத்தில் இந்தியன் ஓபன் தொடங்கியது. முதல் கிண்ணமும் அவருக்கே. 1965இல் அமெச்சூர் வீரர் பி. ஜி. சேத்தி வென்றார். 1970இல் இந்தியாவும் தென்கொரியாவும் சுற்றில் இணைந்தன. இந்தோனேசியா 1974இல் வந்தபோது பட்டியல் பத்தானது. சுற்றின் மேற்கு எல்லை இந்தியாவாயிற்று.

அந்தப் பத்தாண்டின் இந்தியன் ஓபன் வெற்றியாளர் வரிசை ஒரு சமூக ஆவணம். அவுஸ்திரேலியரான கிரஹம் மார்ஷ் 1971இலும் 1973இலும், பிரையன் ஜோன்ஸ் 1972இலும் 1977இலும் வென்றார்கள். 1974இல் தாய்வானின் குவோ சி-ஷியுங் வென்றார். 1976இல் தொம்சன் 46ஆவது வயதில் மூன்றாம் முறையாகக் கிண்ணத்தைத் தூக்கினார். 1978இல் அமெரிக்கரான பில் பிராஸ்க். பத்தாண்டிலும் ஓர் இந்தியப் பெயர் இல்லை.

காரணம் வர்க்கப் பிரிவினையில் இருந்தது. நல்ல மட்டையும் பயிற்சி நேரமும் கழக உறுப்பினரிடம் இருந்தன. அவர்கள் அமெச்சூர்களாகவே ஆடினார்கள். தொழில்முறைக்கு வந்தவர்களில் பலர் பை சுமக்கும் கெடிகளாக இருந்து, ஆட்டத்தைப் பார்த்தே கற்றவர்கள். அவர்களுக்குப் பத்து வாரம் விமானமேறும் வசதி எங்கே? சேத்திக்குப் பின் இந்தியர் ஒருவர் அக்கிண்ணத்தை வெல்ல 26 ஆண்டுகள் சென்றன. 1991இல் வென்ற அலி ஷேர், டில்லிக் கழகத்தில் கெடியாக வேலை பார்த்தவர்.

தம்சுயி: ஓர் ஒப்பீடு

இதே கெடி வகுப்பு தாய்வானில் வேறு விளைவைத் தந்தது. அத்தீவின் வடக்கே, ஆறு கடலில் கலக்கும் தம்சுயி என்ற ஊரில் 1919இல் ஜப்பானிய ஆட்சியாளர் ஒரு மைதானம் அமைத்தார்கள். சுற்றுவட்டாரச் சிறுவர்கள் அங்கே பை சுமந்தார்கள். அவ்வூரிலிருந்து சென் சிங்-போ, ஷியே யுங்-யோ, லூ லியாங்-ஹுவான் எனத் தலைமுறையாக வீரர்கள் எழுந்தார்கள். 1971இல் ரோயல் பேர்க்டேலில் நடந்த பிரித்தானிய ஓபனில் லூ ஒரேயோர் அடியால் லீ ட்ரெவினோவிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார். 1972இல் மெல்பேர்னில் நடந்த உலகக் கிண்ணத்தை அவரும் ஷியே மின்-நானும் தாய்வானுக்கு வென்றுகொடுத்தார்கள். ஆசியச் சுற்று அவர்களுக்கு வீட்டுவாசலிலேயே ஆண்டுதோறும் கிடைத்த பயிற்சிக்களம். கெடிக்கும் சம்பியனுக்கும் இடையிலான படிக்கட்டாக அது அமைந்தது.

இலங்கை ஏன் வெளியே நின்றது

சுற்று விரிந்த ஆண்டுகளும் இலங்கையின் பொருளாதாரம் இறுகிய ஆண்டுகளும் ஒன்றே. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியையும் அந்நியச் செலாவணியையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1971 ஏப்ரலில், சுற்று ஜப்பானை நெருங்கும் வேளையில், நாட்டில் கிளர்ச்சி வெடித்து ஊரடங்கு அமுலானது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. நுவரெலியா மைதானத்தைத் தாங்கிய துரைமார் உலகம் கலைந்தது.

மேலே கண்ட மூன்று தேவைகளில் முதலாவது இலங்கையிடம் இருந்தது. இரண்டாவது இல்லை. பாணுக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் கொல்ஃப் பரிசுக்கு டொலர் ஒதுக்குவது எந்த அரசுக்கும் இயலாத காரியம். 1977இல் சந்தை திறக்கப்பட்டபோது சுற்றின் நாட்காட்டி நிரம்பியிருந்தது. 1983க்குப் பின் போர் வந்தது.

வாவிக்கரையின் வேறு வரலாறு

பங்குடாவெளி முதல் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் இருபுறமும் நிலத்துக்கு வேறு கடமைகள் இருந்தன. கிழக்குக் கரையான எழுவான்கரை நெருங்கிய குடியிருப்பும் தென்னையும் கொண்ட ஒடுங்கிய மணற்பட்டி. மேற்குக் கரையான படுவான்கரை வயல்நிலம். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அவ்வளவு நிலத்தை உற்பத்தியிலிருந்து விலக்கிப் புல் வளர்க்கும் தோட்டக்கார வர்க்கம் இங்கே பெரிதாக உருவாகவில்லை.

ஆற்றுமுகத் தம்சுயியையும் மட்டக்களப்பு நகரின் வாவிமுகப் புளியந்தீவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கடலோர இயற்கை இங்கே விளக்கமாகாது என்பது தெரியும். தம்சுயியில் மைதானம் ஆட்சியாளரின் கழகத்திடம் இருந்தது. மட்டக்களப்பில் அது மிஷன் பாடசாலைகளிடம் இருந்தது. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் நிறுவப்பட்ட புனித மிக்கேல் கல்லூரியும் வாவிக்கரை இளைஞரின் விளையாட்டை வடிவமைத்தன. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினர் வந்தபின் கூடைப்பந்து இங்கே வேரூன்றியது. ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரை நகர விளையாட்டரங்கு இன்றும் தாங்குகிறது. 1990 ஆகஸ்டில் காணாமற்போன யூஜின் ஹேபியர் அடிகளார் மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தில் பயிற்றியவர். அந்த ஆட்டத்துக்குச் சிறு தளமும் இரு வளையங்களும் போதும். உறுப்பினர் சந்தா வேண்டாம்.

வர்க்க உறவிலும் வேறுபாடு தெளிவு. கொல்ஃப் கழகத்தில் உள்ளூர்ச் சிறுவன் முதலில் வேலையாளாக நுழைந்தான். மிஷன் பாடசாலையில் மாணவனாக நுழைந்தான். முன்னவன் உயர்ந்தால் தொழில்முறை வீரன் ஆனான். பின்னவன் மாவட்ட, தேசிய அணிகளில் ஆடிவிட்டு ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ வாழ்வைத் தொடர்ந்தான்.

பிற்கால மாற்றம்

1995இல் ஆசிய வீரர்களின் சொந்த அமைப்பு நடத்தும் புதிய சுற்று ஆரம்பமானதும் பழைய சுற்று தளர்ந்து, அந்தப் பத்தாண்டின் இறுதியில் மறைந்தது. அதற்குள் கெடிப் பரம்பரை தலைநிமிர்ந்திருந்தது. 2009இல் பெங்களூர்க் கெடியான முனியப்பா இந்தியன் ஓபனை வென்றார். ரோயல் கல்கத்தா மைதானப் பராமரிப்பாளரின் மகன் எஸ். எஸ். பி. சௌராசியா 2016, 2017 ஆண்டுகளில் வென்றார். இலங்கையின் அனுர ரோஹணவும், கொல்ஃப் வீரர் நந்தசேன பெரேராவின் மகன் மிதுன் பெரேராவும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் இடம்பிடித்தார்கள். இலங்கையருக்குத் தொழில்முறைப் பருவம் கிடைத்தது, ஆனால் கடல் கடந்தே கிடைத்தது.

முடிவுரை

1970களின் ஆசியக் கொல்ஃப் பருவம் சுதந்திரமடைந்த நாடுகளின் புதிய விளையாட்டு உறவாகத் தோற்றமளித்தாலும், பழைய கழகங்கள், செலாவணி விதிகள், விமானப் பாதைகள் ஆகியவற்றின்மீதே ஓடியது. இலங்கையை அது தவறவிட்டதற்கு அரசின் செலாவணிக் கொள்கையும், மட்டக்களப்பில் இவ்விளையாட்டே வேர்விடாததற்கு நிலவுடைமையும் மிஷன் கல்வியும் முதன்மைக் காரணங்கள். எனவே கிழக்கின் விளையாட்டு வரலாற்றை எழுத முனைவோர் வெற்றிப் பட்டியல்களைத் திரட்டுவதற்கு முன்னர், ஒவ்வொரு மைதானமும் யாருடைய காணியில், எந்த நிறுவனத்தின் செலவில், யாரை உள்ளே விடுவதற்காக அமைந்தது என்று கேட்பது பயன்தரும். பாடசாலை ஆண்டு மலர்களும் திருச்சபைப் பதிவேடுகளும் காணி உறுதிகளும் அதற்கான முதல்நிலைச் சான்றுகள்.